இழுவைப் படகுக்கு மூன்று மோட்டார்கள்

சென்னை ரிச்சி தெருவில் மோட்டார் கேட்டால் கடைக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை வோல்ட் சார்?" பதில் சொன்ன கையோடு ஒன்றை எடுத்து நீட்டிவிடுவார். மாதிரிப் படகுக்கு வாங்குகிறவர் அந்தக் கேள்விக்குக் கடைசியில்தான் வர வேண்டும். படகு எவ்வளவு வேகமாகத்தான் போக முடியும், அதற்கு புரொப்பெல்லர் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் மோட்டார் பேச்சு.

நான் சோதித்தது 60 சென்டிமீட்டர் நீளமுள்ள இழுவைப் படகு. நீரின் மேலே எழும்பிப் பாயாமல், நீரை விலக்கிக்கொண்டு போகும் ரகம். இந்த ரகத்துக்கு இயற்கையே ஒரு வேக வரம்பு போட்டிருக்கிறது. 1870களில் இங்கிலாந்தின் டார்க்கீ ஊரில் வில்லியம் ஃபிரூட் மாதிரிக் கப்பல்களைத் தொட்டியில் இழுத்து ஆராய்ந்த விஷயம் இது: படகு வேகமெடுக்க எடுக்க அது எழுப்பும் அலை நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் படகின் நீளத்தையே எட்டிவிடுகிறது. அதற்கு மேல் போக வேண்டுமானால் தன் அலையின் மேட்டில் தானே ஏற வேண்டும். நீர்க்கோட்டு நீளத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.25-ஆல் பெருக்கினால் வரம்பு விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். என் படகுக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 40 மில்லிமீட்டர் விட்டமும் ஏறக்குறைய அதே பிட்சும் (வழுக்காமல் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) கொண்ட புரொப்பெல்லர், வழுக்கலில் மூன்றில் ஒரு பங்கை இழந்தாலும், நிமிடத்துக்கு 2,300 சுற்றில் அந்த வேகத்தைக் கொடுத்துவிடும்.

2,300 என்பது மோட்டார் உலகில் மிக மெதுவான சுழற்சி. கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பத்தாயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. சிக்கலே அங்குதான். புரொப்பெல்லர் கேட்கும் சக்தி சுற்று வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். சுற்றை இரட்டிப்பாக்கினால் எட்டு மடங்கு வாட் வேண்டும்.

மேசைக்கு மூன்று மோட்டார்கள் வந்தன. பொம்மைக் கார்களில் வரும் 130 அளவு குட்டி மோட்டார். பழைய பிரின்டரிலிருந்து கழற்றிய, பெயர்ச்சீட்டு உரிந்துபோன 12 வோல்ட் கார்பன் பிரஷ் மோட்டார். ட்ரோன் பழகுகிறவர்கள் வாங்கும் ஏ2212 பிரஷ்லெஸ், 1000 கே.வி. இங்கே கே.வி. என்பது கிலோவோல்ட் அல்ல; சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. 22, 12 என்பவை ஸ்டேட்டரின் விட்டமும் உயரமும், மில்லிமீட்டரில்.

பெயர்ச்சீட்டு இல்லாத மோட்டாரைக் கண்டு பயப்பட வேண்டாம். இரண்டே அளவுகள் அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடும். ஒன்று, சுமையில்லாமல் ஓடும்போது இழுக்கும் ஆம்பியர். மற்றது வைண்டிங்கின் ஓம். மல்டிமீட்டர் முனையை நேராக வைத்தால் பிரஷ் தொடுமிடத்தில் அளவு ஆடும். ஷாஃப்டை இடுக்கியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வோல்ட் அளவுக்குக் கொடுத்து, ஓடும் ஆம்பியரால் வோல்ட்டை வகுப்பதே மேல். ஷாஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நாலைந்து இடங்களில் எடுத்துச் சராசரி பாருங்கள்.

பிரின்டர் மோட்டாரை இரண்டு லித்தியம் செல்களின் 7.4 வோல்ட்டில் அளந்தேன். சும்மா ஓட 0.2 ஆம்பியர், வைண்டிங் 1.5 ஓம். வோல்ட்டை 0.2-ஆல் பெருக்கி, 1.5-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ஒரு ஆம்பியர் வருகிறது. இந்த மோட்டாரின் திறன் உச்சத்தைத் தொடுவது அந்தச் சுமையில்தான். உச்சத் திறன் ஏறத்தாழ 64 சதவீதம். புரொப்பெல்லர் மாட்டித் தண்ணீரில் விட்டபோது முழு வேகத்தில் மீட்டர் ஒரு ஆம்பியரை ஒட்டியே நின்றது. 12 வோல்ட்டுக்குச் சுற்றிய வைண்டிங்கைக் குறைந்த வோல்ட்டில் ஓட்டுவதால் கியர் எதுவும் இல்லாமலே வேண்டிய சுற்று கிடைக்கிறது. 2,600 மில்லி ஆம்பியர் மணி செல்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.

130-ஐப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மபூச்சி நிறுவனத்தின் எஃப்.ஏ-130 அட்டவணைப்படியே 1.5 வோல்ட்டில் அதன் உச்சத் திறன் பாதியைத் தொடாது. 40 மில்லிமீட்டர் புரொப்பெல்லரை நேரடியாக மாட்டினால் திணறிச் சூடேறும். சாண் நீளப் படகுக்கு, விரல்நகம் அளவு புரொப்பெல்லரோடு, தாராளமாக வைக்கலாம்.

பிரஷ்லெஸ் விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். ஏ2212-க்கு விற்பவர்கள் தரும் எண்கள் சுமார் 0.5 ஆம்பியர், 0.09 ஓம். அதே சூத்திரத்தில் போட்டால் உச்சத் திறன் 85 சதவீதத்தைத் தொடுகிறது. ஆனால் அது ஆறு ஆம்பியருக்கு மேல், ஐம்பது வாட்டை நெருங்கும் சுமையில். என் படகுக்கு வேண்டியதோ ஐந்து வாட். த்ராட்டிலைக் குறைத்து அதே வேகத்தில் ஓட்டியபோது பேட்டரியிலிருந்து 0.9 ஆம்பியர் போனது. காகிதத்தில் இருபது சதவீதத்துக்கு மேல் மிஞ்சியது தண்ணீரில் பத்தாகச் சுருங்கிவிட்டது. த்ராட்டிலை முழுக்கத் தள்ளினால் மூக்கு தூக்கி, பின்பக்கம் அமிழ்ந்து, அலை டெக்கில் ஏறுகிறது. வேகம் மட்டும் ஏறவில்லை. போதாக்குறைக்கு, சென்சார் இல்லாத இந்த வகை, நின்ற நிலையில் ரோட்டார் எங்கே இருக்கிறது என்று தெரியாமல்தான் கிளம்புகிறது. கரையோரம் மெல்ல நகர்த்தும்போது ஒரு வெட்டு வெட்டும். ட்ரோனுக்கான கன்ட்ரோலரில் பெரும்பாலும் ரிவர்ஸும் இருக்காது. படகுக்கோ காருக்கோ செய்ததைத் தனியாக வாங்க வேண்டும். நீரில் எழும்பிப் பாயும் ரேஸ் படகு என்றால் என் தீர்ப்பு தலைகீழ்: பிரஷ்லெஸ் தவிர வேறெதையும் யோசிக்காதீர்கள்.

எந்த மோட்டாரானாலும் அதிக ஆம்பியரைத் தின்றது மோட்டாருக்கு வெளியே இருந்த சமாசாரம். ஷாஃப்ட் குழாயில் கெட்டி கிரீஸ் அடைத்து, கப்ளிங் ஒரு மயிரிழை கோணலாக இருந்தபோது, புரொப்பெல்லர் இல்லாமலே பிரின்டர் மோட்டார் 0.5 ஆம்பியர் இழுத்தது. தனியாக ஓடினால் 0.2 தானே? மோட்டார் தாங்கியின் அடியில் அட்டைத் துண்டு கொடுத்து உயரத்தைச் சரிசெய்து, கெட்டி கிரீஸை வழித்தெடுத்து மெல்லிய கிரீஸ் தடவி, இரும்பு கப்ளிங்குக்குப் பதில் சைக்கிள் வால்டியூப் துண்டு மாட்டியதும் 0.25-க்கு இறங்கியது. மோட்டாரை மாற்றிக் கிடைத்ததைவிட இது பெரிய சேமிப்பு. செலவு ஐந்து ரூபாய்கூட இல்லை. படகுக்குள் மோட்டாரைத் திருகி இறுக்கும்போது மீட்டரை இணைத்தே வைத்திருங்கள். எந்தத் திருகு இறுகும்போது ஆம்பியர் எகிறுகிறதோ அங்கேதான் கோணல்.

பழைய மோட்டார் வாங்கும்போது இரு திசையிலும் சுற்றவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் ஆம்பியர் கூடுதலாக இருந்தால், பிரஷ் இருப்பிடத்தை ஒரு திசைக்குச் சாதகமாகத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஒற்றை புரொப்பெல்லர் படகுக்கு, முன்னோக்கிப் போகும் திசை சாதகமாக அமைந்தால் பாதகமில்லை. எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரட்டை புரொப்பெல்லருக்கு இது ஆகாது. படகு ஒருபக்கமாக இழுத்துக்கொண்டே போகும்.

கடைசியாக ஃபியூஸ். நம் ஏரிகளில் ஆகாயத்தாமரை வேர் புரொப்பெல்லரில் சுற்றாமல் இருந்தால்தான் அதிசயம். சுற்றி நின்றுபோனால், மோட்டார் இழுக்கும் ஆம்பியர் என்பது வோல்ட்டை ஓமால் வகுத்த விடை. பிரின்டர் மோட்டாருக்கு ஐந்துக்குள்தான். 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் அது உருகும், மோட்டார் தப்பும். ஏ2212-க்கு அதே வகுத்தல் எண்பதைத் தாண்டுகிறது. செல்கள் அவ்வளவு கொடுக்காதுதான். ஆனால் கொடுக்கிற அளவே கன்ட்ரோலரைப் புகையவைக்கப் போதும். அந்த மோட்டாரை மாட்டுவதானால் 10 ஆம்பியர் ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே, மூடியைத் திறக்காமல் மாற்றும்படி வையுங்கள்.