நந்தனார் படமும் திருநாளைப்போவார் புராணமும்

பழைய பேசும்படங்களை இஞ்ஞான்று பொழுதுபோக்காகக் காண்பார் பலர். அவருள் நூற்பயிற்சி இல்லாத ஒருவர், 1942-ஆம் ஆண்டில் ஜெமினி நிலையத்தார் வெளியிட்ட 'நந்தனார்' என்னும் படத்தைக் காண்பாராயின், அவர் உள்ளத்தில் எஞ்சி நிற்பன இரண்டு. ஒன்று, நந்தனாராக நடித்த தண்டபாணி தேசிகரின் இசை. மற்றொன்று, செருகளத்தூர் சாமா நடித்த வேதியரின் கடுமை. முன்னதிற் குற்றங் காண்பார் இலர். பின்னது ஆராயற்பாலது.

தேசிகர் தேவார இசையிற் பயின்றவர்; பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராய் விளங்கியவர். அவர் பாடுங்கால் நடிப்பு மறைந்து அன்பு ஒன்றே தோன்றுகின்றது. 1935-ஆம் ஆண்டுப் படத்திலும் நந்தனாராகத் தோன்றிய கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரும், வேதியராகத் தோன்றிய மகாராஜபுரம் விசுவநாதையரும் இசைவாணரே. படங்காண்பார் கண்ணீர் வடிப்பது இவ்விசையினாலேயாம்.

இனி, அவ்வேதியர் யாவர்? சேக்கிழார் பெருமான் திருவாக்கில் அவர் இலர். அவரைப் படைத்தவர் 19-ஆம் நூற்றாண்டினராகிய கோபாலகிருஷ்ண பாரதியார். அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் அளிக்க மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் முதலில் தயங்கினர் என்பதும், பாரதியார் பாடக் கேட்டு உருகிப் பின்னர் அளித்தனர் என்பதும் சாமிநாதையரவர்கள் எழுதிய வரலாற்றால் அறியப்படும். அன்று பிள்ளையவர்களை இளகுவித்த இசையே இன்று படங்காண்பாரையும் இளகுவிக்கின்றது. ஆயின் பிள்ளையவர்கள் புராணத்தை அறிந்தவர், படங்காண்பாரோ அறியார். ஆதலின் அவர் கீர்த்தனையையே புராணமெனக் கொள்கின்றனர்.

இதனால் நேரும் இழப்புச் சிறிதன்று. படத்தில் நந்தனார் ஆண்டையின் பண்ணையாள். 'நாளை' என்பது ஆண்டை விடை கொடாமையால் நேர்ந்த காலத்தாழ்வு. ஒரே இரவிற் பயிர் விளைகின்றது, ஆண்டை மனம் மாறுகின்றார், தடை நீங்குகின்றது. புராணத்திலோ ஆதனூரில் ஊர்ப்பணிக்கு விடப்பட்ட நிலமே நாயனார்க்கு உணவுரிமை. பேரிகைக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் கோயில்தோறும் அளித்துவந்த தொண்டர் அவர். தில்லை செல்ல அவரைத் தடுத்த ஆண்டை ஒருவரும் இலர். மேன்மேல் எழும் காதலும், தம் பிறப்பை நினைந்து எழும் தயக்கமும் ஓருள்ளத்தே பொருதலின் விளைந்ததே 'நாளைப்போவேன்' என்னும் மொழி. திருப்புன்கூரில் நந்தியை விலகச் செய்தவன் இறைவன். தில்லை எல்லையை இராப்பகல் வலம்வந்து நின்றாரைக் கனவில் அழைத்தவனும் அவனே. தில்லைவாழந்தணரும் அவன் ஆணை கேட்டு அஞ்சி, நாயனாரிடம் தாமே வந்தனர்.

பண்ணையாட்கள் பட்ட துன்பம் பொய்யோ எனின், அன்று. தஞ்சை நாட்டிற் பாரதியார் கண்ட உண்மை அது. அதனைப் பாடியதும் படத்திற் காட்டியதும் நற்செயலே. நாயனாரைக் கோயிலுக்குப் புறத்தே நிறுத்திய வழக்கும் கொடியதே. அதனைச் சேக்கிழார் மறைத்திலர். ஆயினும் வேதியரின் கொடுமையைக் கதைக்கு நடுவாக்கிய அளவில், அவர் மனமாற்றமே கதையின் பயனாகி விடுகின்றது. நாயனாரின் தொண்டும் இறைவன் அருளும் அதற்குத் துணைக்கருவிகளாய்ச் சுருங்குகின்றன. கண்டார் ஆண்டையை வெறுக்கக் கற்பர். அன்பு செய்யக் கற்பரோ என்பது ஐயம்.

படத்தை விலக்குதல் வேண்டா. தேசிகரின் இசை ஒருவரையேனும் தில்லைக்கு ஆற்றுப்படுத்துமாயின் அதுவும் திருவருளே. கண்ணீரோடு எழுந்தவர் அன்றிரவே திருநாளைப்போவார் புராணத்தை ஒருமுறை ஓதுக. வேதியரைக் காணாது முதலில் வியப்பர். ஒருவர் தடுக்காதபோதும் நாயனார் தில்லை எல்லையிலேயே நின்றமை கண்டு பின்னர் உருகுவர். அவ்வுருக்கம் இசை நின்ற பின்னும் நில்லாது.