சார்ல்ஸ்டனின் பச்சைக் களமும் மகளிர் டென்னிஸின் ஆட்ட மரபுகளும்

அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலத்தில் ஆண்டுதோறும் நடக்கும் சார்ல்ஸ்டன் ஓப்பன் போட்டியின் வெற்றியாளர் பட்டியலைப் படித்தால் போதும், மகளிர் டென்னிஸ் கடந்து வந்த பாதை முழுவதும் புரிந்துவிடும். 1973இல் ஹில்டன் ஹெட் தீவில் ‘ஃபேமிலி சர்க்கிள் கோப்பை’ என்ற பெயரில் இது பிறந்தது. பெண்கள் பத்திரிகை ஒன்றின் ஆதரவு அது. மொத்தப் பரிசு 1,00,000 டாலர். பெண்கள் மட்டுமே ஆடும் போட்டிக்கு அன்று அது மிகப் பெரிய தொகை. பட்டம் வென்ற ரோஸி காசல்ஸுக்கு 30,000 டாலர் கிடைத்தது. அதே ஆண்டில் விம்பிள்டன் மகளிர் ஒற்றையர் பரிசு 3,000 பவுண்டுதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பரிசளித்து வரலாறு படைத்த யு.எஸ். ஓப்பனிலும் 25,000 டாலர்தான்.

அந்த முதல் இறுதியாட்டத்தில் காசல்ஸை எதிர்த்தவர் நான்சி ரிச்சி. 1970இல் ஆண்களின் பரிசில் சிறு பங்கு மட்டுமே பெண்களுக்குத் தந்த அமைப்பாளர்களை எதிர்த்து, ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஹூஸ்டனில் தனிப் போட்டிக்குத் துணிந்த ஒன்பது பேரில் இவர்கள் இருவரும் உண்டு. ஆட்டத்திலோ இருவரும் எதிரெதிர்த் துருவங்கள். ஐந்தடி இரண்டங்குல உயரமே உள்ள காசல்ஸ், சர்வீஸ் போட்ட கையோடு வலையை நோக்கி ஓடி, பந்து தரையில் படுமுன் அடித்து முடிப்பவர். ரிச்சி பேஸ்லைனில் வேரூன்றி நின்று, எதிராளி தவறும்வரை திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பவர். 3-6, 6-1, 7-5 என்று காசல்ஸ் வென்றார். பின்னால் வந்த ஐம்பது ஆண்டுகளின் வாதமும் பிரதிவாதமும் அந்த மூன்று செட்டுகளிலேயே தொடங்கிவிட்டன.

இரு மரபுகளுக்கும் இடம் கொடுத்ததில் களத்துக்குப் பெரிய பங்குண்டு. பிரெஞ்சு ஓப்பன் நடக்கும் பாரிஸில் செங்கல் தூள். இங்கே வர்ஜீனியா மலைப்பாறையை அரைத்த சாம்பல்பச்சைத் துகள். கீழே கெட்டியான தளம், மேலே மெல்லிய பொடி. கால் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் செம்மண் களத்தைவிடப் பந்து சற்று வேகமாக எழும். பொறுமைசாலிக்கு ஒரு நொடி கூடுதலாகக் கிடைக்கும், தாக்குபவருக்கும் அடி வீணாகாது. மகளிர் தொழில்முறைச் சுற்றில் இந்தப் பச்சைக் களத்தில் இப்போது நடப்பது இது ஒன்றே.

பொறுமை மரபின் முடிசூடிய அரசி கிரிஸ் எவர்ட். இங்கு மட்டும் எட்டுப் பட்டங்கள். அவற்றில் ஐந்து, 1974 முதல் 1978 வரை தொடர்ச்சியாக. இரண்டு கையாலும் பிடித்து அடிக்கும் பேக்ஹேண்டில் பந்தை ஒவ்வொரு முறையும் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே கொண்டுபோய் வைப்பார். அந்தத் துல்லியத்தையே நான் இந்தப் போட்டியின் முதல் தரமாகக் கொள்வேன். 1985 இறுதியில் அவரிடம் தோற்ற கேப்ரியலா சபாட்டினிக்கு வயது 14. மறு ஆண்டு 16 வயது ஸ்டெஃபி கிராஃப் எவர்ட்டையே 6-4, 7-5 என வீழ்த்தினார். கிராஃபின் வாழ்க்கையில் முதல் தொழில்முறைப் பட்டம் அது. ஓடி வந்து ஃபோர்ஹேண்டால் ஒரே அடியில் புள்ளியை முடிக்கும் அவரது வேகத்துக்கு முன்னால், காத்திருந்து வெல்லும் கலை முதல்முறையாகத் தடுமாறியதாக எனக்குப் படுகிறது. வலைப் பக்க ஆட்டத்தின் உச்சமான மார்ட்டினா நவ்ரத்திலோவாவும் கிராஃபும் ஆளுக்கு நான்கு பட்டங்கள் பெற்றார்கள்.

1994, 1995இல் கொன்சிட்டா மார்டினஸ், 1996இல் அரான்சா சாஞ்சஸ் விகாரியோ என ஸ்பெயினின் டாப்ஸ்பின் பள்ளி அடுத்து வந்தது. 2001இல் போட்டி சார்ல்ஸ்டனின் டேனியல் தீவுக்கு இடம் மாறியது. 2003 இறுதியில் ஜஸ்டின் ஹெனின், தொடர்ந்து 21 ஆட்டங்கள் வென்று வந்த செரினா வில்லியம்ஸை 6-3, 6-4 என்று நிறுத்தினார். ஒற்றைக் கைப் பேக்ஹேண்டின் அழகைப் பற்றி யார் கேட்டாலும் நான் ஹெனினையே காட்டுவேன். செரினாவும் பின்னர் மூன்று முறை இங்கே கோப்பையைத் தூக்கினார்.

இரட்டையரில் இந்தியாவுக்கும் இங்கே பங்குண்டு. 2011இல் எலினா வெஸ்னினாவுடன் வென்ற சானியா மிர்சா, 2015இல் மார்ட்டினா ஹிங்கிஸுடன் மீண்டும் வென்றார். அந்தப் பட்டத்தோடு இரட்டையர் தரவரிசையில் முதலிடம் பிடித்த முதல் இந்தியப் பெண்மணி ஆனார்.

பெரும்பாலான பெரிய போட்டிகள் ஆண்களோடு ஒரே திடலைப் பகிர்ந்துகொள்ளும் காலத்திலும் சார்ல்ஸ்டன் தனித்தே நிற்கிறது. அதன் ஒரு களத்துக்கு, அந்த மாநிலத்திலேயே பிறந்த ஆல்தியா கிப்சனின் பெயர். விம்பிள்டனை வென்ற முதல் கறுப்பினப் பெண்ணுக்குச் சொந்த மண் செய்த மிகச் சரியான மரியாதை இது.

சக்தியும் உயரமுமே ஆட்டம் என்றாகிவிட்ட இந்நாளில், துனீசியாவின் ஆன்ஸ் ஜபியுர் எனக்குப் பெரிய நிறைவு. ஓங்கி அடிப்பதுபோல் மட்டையைப் பின்னிழுத்து, கடைசிக் கணத்தில் மணிக்கட்டைத் தளர்த்தி, வலையை ஒட்டிப் பந்தை இறக்கிவிடுவார். பச்சைப் பொடியில் அது எழும்பவே எழும்பாது. 2022 இறுதியில் பெலின்டா பென்சிச்சிடம் மூன்று செட்டுகளில் தோற்றவர், அடுத்த ஆண்டு அதே பென்சிச்சை அதே களத்தில் நேர் செட்டுகளில் வென்றார்.