எல் அனட்சுயி: திரையும் பலகையும்

எல் அனட்சுயியின் உலோகத் திரைகளைப் புகைப்படங்களில்தான் பார்த்திருக்கிறேன். 1944ல் கானாவில் பிறந்து, நைஜீரியாவின் இன்சுக்காவில் நெடுங்காலம் சிற்பம் கற்பித்தவர். தூக்கியெறிந்த மதுப்புட்டி மூடிகளைத் தட்டி மடித்து, உதவியாளர் பலரின் கைகளால் செப்புக் கம்பியில் கோர்த்தவை அவை. பார்த்தவர்கள் உடனே கானாவின் கெண்டே துணி என்கிறார்கள். வசதியான ஒப்புமை. ஐரோப்பியர் மதுவைக் கொடுத்து மனிதர்களை வாங்கிய கரை அது என்பதை அனட்சுயி சொல்லியும், மினுமினுப்பில் மறந்துபோகிறது. ரசிகனின் குறை என்று மட்டும் இதைத் தள்ள எனக்கு மனமில்லை. திரைகள் அளவுக்கு மீறி அழகாயிருக்கின்றன.

அச்சுப்படங்கள் வேறு. மூடிகளை வைத்துத் தட்டிய பட்டறைப் பலகைகளின் பரப்பிலிருந்து எடுத்தவை. நாள் முழுக்க அழுக்கு நோட்டு எண்ணுகிற எனக்கு (வங்கி உத்தியோகம்) இந்தப் பரப்பு பழக்கமானது. பல பேர் கை பட்டது. இங்கே தங்கம் இல்லை. வெட்டு, துளை, மறுபடியும் துளை.