மரித்தோர் உடலோடெழுதல்

பிறர் மதக் கொள்கையொன்றை ஆராயப் புகுவார், அக்கொள்கையுடையார் கேட்டு, ‘ஆம், யாம் கூறுவது இதுவே’ என்று உடன்படும் வகையில் அதனை முதற்கண் எடுத்து மொழிதல் வேண்டும். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்துட் கைக்கொண்ட முறையும் இதுவேயாம். இம்முறையின் வழீஇய மறுப்பு, ஆளில்லாக் களத்தில் வாள் வீசுதலை யொக்கும்.

கிறித்துவ சமயத்தைக் குறித்து நம்மவர் எழுதுவனவற்றிற் பலகாலும் காணப்படும் வழுவொன்றுண்டு. ‘இறந்தவுடன் உயிர் துறக்கம் புகும், அன்றேல் நிரயம் புகும், அவர் கொள்கையின் முடிபு இவ்வளவே’ என்பது அது. கிறித்துவருள்ளேயே பலர் இங்ஙனம் கருதி வாழ்கின்றமையின் நம்மவரை முழுதும் குறை கூறுதற்கில்லை. எனினும், அவர் தம் வழிபாட்டில் ஓதும் அறிக்கைகள் கூறுவது வேறு. அப்போஸ்தலர் அறிக்கை என்று வழங்குவது, இலத்தீன் மொழியில், ‘ஊனின் எழுச்சி’யை நம்புவதாகக் கூறும். கி. பி. 381-இல் கான்ஸ்தாந்திநோபிளிற் கூடிய பேரவையோடு சார்த்தி யுரைக்கப்படும் அறிக்கை, ‘மரித்தோர் எழுச்சி’யை எதிர்நோக்குவதாகக் கூறும். ‘உயிர் இயல்பாகவே அழிவற்றது’ என்னுந் தொடர் இரண்டனுள் ஒன்றினும் இல்லை. இதனை 1955-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆஸ்கர் குல்மன் என்பார் ஒரு சொற்பொழிவாக விரித்தனர். சாக்கிரதர் அமைதியோடு நஞ்சுண்டதனையும், இயேசு மரணத்தை முன்னிட்டு நடுங்கி வேண்டியதனையும் அருகருகே வைத்து, முன்னவர்க்கு மரணம் நண்பன், பின்னவர்க்குப் பகை என்று அவர் காட்டினர். அது கேட்டுச் சினந்தவருட் பலர் கிறித்துவரே என்பது கருதத்தக்கது.

இனி, இக்கொள்கை எக்காரணம் பற்றி எழுந்தது என்பதனை ஆராய்வாம். யூதரின் பழைய நூல்களில் மறுமை பற்றிய பேச்சு மிகச் சிறிதே. கி. மு. 167-ஐ அடுத்து, நான்காம் அந்தியோகஸ் என்னும் அரசன் யூதர் தம் நெறியை ஒழிக்க முற்பட்ட காலத்தே இஃது உரம் பெற்று விளங்குகின்றது. தானியேல் நூலின் இறுதி இயல் மண்ணில் உறங்குவோர் விழித்தெழுதலைப் பேசும். மக்கபேயர் இரண்டாம் நூலின் ஏழாம் இயல் இன்னுந் தெளிவாகக் கூறும். (பிராட்டஸ்டண்டார் அந்நூலைத் தம் வேதத்திற் சேர்ப்பதிலர், கத்தோலிக்கர் சேர்ப்பர்.) பன்றியூன் உண்ண மறுத்த உடன்பிறந்தார் எழுவரைத் தாயின் கண்முன்னே சித்திரவதை செய்து கொன்ற வரலாறு அது. அவருள் ஒருவன் தன் நாவையும் கைகளையும் தானே நீட்டி, இவை இறைவன் தந்தவை, அவனிடமிருந்தே மீளப் பெறுவேன் என்னுங் கருத்துப்பட மொழிந்தான் என்று அந்நூல் கூறும்.

இவ்விடத்தைக் கற்பார் ஒன்று நோக்குக. அவ்விளைஞன் கேட்டது கையை. ‘நின் கை போயினும் உயிர் போகாது’ என்று அவனுக்கு உரைப்பின் அஃது ஆறுதலாகுமோ? கொடியோன் அழித்தது உடலை. நீதி உண்டாயின் அந்நீதி உடலிலே விளங்குதல் வேண்டும். ஆதலின் இக்கொள்கையின் வேர் முறையிடுதலே. அணுக்களைப் பற்றிய ஆராய்ச்சியன்று. என் கருத்தில் இதன் வலியெல்லாம் இவ்வேரின்கண்ணதே. பின் வந்த ஆசிரியர் பலர் இதனை மறந்து வேறொரு வினாவிற் சிக்கி இடர்ப்பட்டனர்.

கிரேக்கர்க்கு இக்கொள்கை நகையாய்த் தோன்றிற்று. பவுல் ஏதென்ஸ் நகரத்தில் மரித்தோரெழுச்சியைக் கூறியவழிச் சிலர் இகழ்ந்தனர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். கொரிந்து நகரத்துக் கிறித்துவருள்ளும் சிலர் மரித்தோர் எழார் என்றனர். அவர்க்கு விடையாக ஏறத்தாழக் கி. பி. 55-இல் எழுதப்பட்டது கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரம். இட்டது வித்து, எழுவது பயிர். அங்ஙனமே இவ்வுடல் விதைக்கப்பட்டு வேறு தன்மைத்தாய் எழும் என்பது அதன் உட்கிடை.

அவ்வதிகாரத்தில் இருவகையுடல் கூறப்படும். தமிழ்க் கிறித்துவரிடை நெடுங்காலம் வழங்கிய மொழிபெயர்ப்பு அவற்றை ‘ஜென்ம சரீரம்’, ‘ஆவிக்குரிய சரீரம்’ என்னும். இவற்றை நம்மவர் காணின் தூல சரீரமும் சூக்கும சரீரமுமே இவை என்று எளிதிற் கொள்வர். அஃது ஒவ்வாது. கிரேக்க மூலத்தில் முன்னது ‘ப்ஸூக்கே’ என்னும் உயிர்ப்பெயரடியாகவும், பின்னது ‘ப்னெயுமா’ என்னும் ஆவிப்பெயரடியாகவும் பிறந்த பெயரடைகள். இரண்டன் ஈற்றிலும் நிற்கும் விகுதி, இன்ன பொருளாற் செய்யப்பட்டது என்பதனை உணர்த்துவதன்று; இன்னதனால் இயக்கப்படுவது, இன்னதற்கு உரியது என்பதனையே பெரும்பாலும் உணர்த்தும். எனவே பின்னது ஆவியாலாகிய மெல்லுடலன்று. ஆவியால் இயக்கப்படும் உடல். இந்நயம் பற்றி நோக்குங்கால் ‘உரிய’ என்னுஞ் சொல்லைத் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் திறம் பாராட்டற்பாலது. ‘ஜென்ம’ என்பதோ பொருந்தாது. மூலத்திற் பிறப்பைக் குறிக்குஞ் சொல் அவ்விடத்தில்லை. ‘உயிர்க்குரிய சரீரம்’ என்றிருந்தால் இரு தொடரும் இணைந்து நின்றிருக்கும்.

அற்றேல், மாமிசமும் இரத்தமும் இறையரசைப் பெறமாட்டா என்று பவுலே அவ்வதிகாரத்திற் கூறுவதென்னையெனின், அழியுந் தன்மைத்தாய மக்கள் நிலையை அத்தொடர் குறிக்கும் என்பர் உரைகாரருட் பலர். லூக்கா சுவிசேஷமோ, எழுந்த இயேசு தமக்கு ஊனும் என்புமுண்டென்று காட்டிச் சீடர்முன் மீன் உண்டதாகக் கூறும். யோவான் சுவிசேஷம் அவர் அடைத்த கதவினூடு வந்து நின்றதனையும், தோமா காயத்தைத் தொட்டறிய வேண்டியதனையுங் கூறும். இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து ஒருதலையாக முடிபு கூறுதல் அவ்வேதத்தையே பிரமாணமாக உடையார்க்கும் அரிதாயிற்று.

வித்துவமையிலும் ஓர் இடர்ப்பாடுண்டு. வித்துக்கும் முளைக்கும் இடையே அறவு இல்லை. வித்தினுட் கருவாய்க் கிடந்ததே முளையாய் வெளிப்படும். வறுத்த வித்து முளையாது என்பதனை நம்நாட்டுச் சிறாரும் அறிவர். எரிந்து நீறாய உடலில் முளைத்தற்குரிய கரு யாது? இவ்வினாவை எழுப்பியோர் தருக்க நூலார் மட்டுமல்லர். கி. பி. 177-இல் கால் நாட்டு லியோன் நகரத்தில் கிறித்துவர் பலரைக் கொன்ற பகைவர், அவருடல்களை எரித்துச் சாம்பரை ரோன் ஆற்றிற் கரைத்தனர் என்றும், எழுச்சியில் அவர் வைத்த நம்பிக்கையை வேரறுத்தலே அவர் நோக்கமென்றும் யூசேபியுஸ் தம் திருச்சபை வரலாற்றில் எழுதிவைத்த கடிதம் கூறும். கொலைஞரும் வாதத்தில் வல்லராயினர்!

அதன்பின் எழுந்த விடைகள் பல. அத்தேனகோரஸ் பெயரால் வழங்கும் நூல், மனிதனை மனிதன் தின்றால் அவ்வூன் யாருடையது என்னும் வினாவை எடுத்துக்கொண்டு, மனிதவூன் மனிதனுக்குச் செரித்து உடலாகாது என்று விடுத்தது. இது காட்சியளவைக்கு முரணாகலின் நில்லாது. அகுஸ்தீன் தம் ‘கடவுள் நகரம்’ இருபத்திரண்டாம் நூலில், அவ்வூன் முதலில் எவனுடையதாயிருந்ததோ அவனுக்கே மீளும், தின்றவனுக்குக் குறைந்ததனை இறைவன் வேறு நிரப்புவான் என்றார். ஈது அறமன்றத்தில் நடுவர் தீர்ப்புச் சொல்வதுபோல நேரிதாயிருப்பினும், ‘வேறு நிரப்புவான்’ என்றமையால் தம் கோளைத் தாமே நெகிழ்த்தவராயினர். தின்றவனுக்குப் புதிய பொருளால் உடல் அமையுமெனின் ஏனையோர்க்கும் அமையும். பழைய அணுக்களைத் தேடித் திரட்டும் உழைப்பு எற்றுக்கு?

சிலையை உருக்கி மீண்டும் அதே செம்பால் வார்த்தல் போலும் என்றும் அவர் உவமை கூறினார். தாயின் கைவளையை உருக்கி, அதே பொன்னால், அதே அச்சில் மீண்டும் வார்ப்பித்த மகனொருவனை நினைமின். எடையும் உருவும் பொன்னும் ஒன்றே. ஆயினும் அவள் அம்மி அரைத்த நாளெல்லாம் தேய்ந்த தேய்வு அதன்கண் இல்லை. அதனை அவன் ‘என் தாய் அணிந்தது’ எனச் சொல்லுதல் ஒருவாற்றான் மெய், மற்றொருவாற்றான் பொய்.

இவ்விடர் நோக்கி மேம்பட்ட விடை கூறினவர் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஒரிகேன் என்பது என் துணிபு. உடல் ஓர் ஆறு போன்றது. அதன் பொருள் நாடோறும் மாறும். மாறாது நிற்பது அதன் உருவமைதியே. எழுவதும் அவ்வமைதி பற்றியே என்றார் அவர். மெத்தோதியுஸ் அவரை மறுத்தார். 553-இல், கான்ஸ்தாந்திநோபிளிற் கூடிய பேரவையை ஒட்டி, ஒரிகேன் பெயரால் வழங்கிய கொள்கைகள் பல கண்டிக்கப்பட்டன. ஆயினும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், விறகு மாறிமாறி எரியினும் தீ ஒன்றே என்னும் உவமையால் அதனோடு அணுகியதொன்றனையே கூறினர். கண்டித்து வெளியேற்றப்பட்ட கருத்து வேறு ஆடை புனைந்து மீளப் புகுதல் எல்லாச் சமயத்தார்க்கும் உள்ளதே.

இக்காலத்தார் இவ்வினாவைக் கைவிட்டாரல்லர். 1978-இல் பீட்டர் வான் இன்வாகன் என்னும் அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் ஒரு கட்டுரை வரைந்தனர். அகுஸ்தீன் தம் கையால் எழுதிய சுவடியொன்று எரிந்து போயிற்று. இறைவன் அதனை எழுத்துப் பிசகாமற் படைத்து மடத்தார்க்கு அளித்தான். அஃது அகுஸ்தீன் கைபட்ட சுவடியாகுமோ? ஆகாது என்றார் அவர். ஏடு பெயர்த்தெழுதிப் பழகிய எமக்கு இவ்வெடுத்துக்காட்டு மிக இனிது. மூலவேடு செல்லரித்தபின் எத்துணைத் திருந்திய படியும் படியே. இத்துணைக் கூரிய அறிஞர் இதற்குக் கூறிய தீர்வோ வியப்பைத் தருவது: மரிக்குங்காலத்து இறைவன் மெய்யுடலை ஒருவரும் அறியாது எடுத்து மறைத்து, அதுபோலும் பொய்யுடலொன்றனை அவ்விடத்து வைத்தல் கூடும் என்றார். கூடும் என்றாரேயன்றி அங்ஙனமே நிகழ்கின்றதென்று அவர் துணிந்திலர், அது நேர்மை. ஆயினும், மனைவி கட்டியழுவது கணவனுடலன்று, புதைகுழியில் இருப்பது போலியுரு என்று கொள்ளின், அழுவாரை வஞ்சிக்குங் கடவுளாய் முடியும். நீதி வேண்டிப் பிறந்த கொள்கையைக் காக்கப் பொய்யைத் துணைக்கொள்ளுதல் தகுமோ?

இனி, இறப்புக்கும் எழுச்சிக்கும் இடைப்பட்ட காலத்து நிலை யாது? இயேசு உடன் அறையுண்ட கள்வனுக்கு அன்றே பரதீசு உண்டென்று உறுதி கூறியதாக லூக்கா உரைப்பர். அது கொண்டு உயிர் உடனே இன்பம் பெறும் என்பாரும், இறுதிநாள்வரை உறங்கும் என்பாரும் உளராயினர். அவிஞ்ஞோனிலிருந்து ஆண்ட போப்பு இருபத்திரண்டாம் யோவான், 1331-ஆம் ஆண்டு முதலாக நிகழ்த்திய பிரசங்கங்களில், தூயோரும் இறுதித் தீர்ப்புக்கு முன் இறைவனை நேரிற் காணார் என்றார். எதிர்ப்பு மிக்கெழுந்தது. 1334 திசம்பரில் மரணப்படுக்கையில் அதனை அவர் மீட்டுக்கொண்டனர். அவர்க்குப் பின்வந்த பன்னிரண்டாம் பெனடிக்டு 1336 சனவரியில், தூய்மை நிரம்பிய உயிர்கள் எழுச்சிக்கு முன்னரே இறைவனை நேரிற் காணும் என்று அறுதியிட்டனர்.

இம்முடிபால் வேறொரு வினா எழுதல் ஒழியாது. உயிர் உடலின்றியே இறைக்காட்சி யெய்துமாயின், உடல் மீண்டும் வந்து தருவது யாது? அக்குவினாஸ் இதனை முன்னரே உணர்ந்து, உடல் வந்தபின் இன்பம் விரியும், ஆனால் ஆழத்தான் மிகாது என்றார். அவரே, கொரிந்தியர் நிருபத்துக்குத் தாஞ்செய்த விளக்கத்தில், உயிரை மட்டும் ‘யான்’ என்று ஒருவன் சுட்டுதல் கூடாது என்னுங் கருத்தையும் வைத்தனர். இவ்விரண்டும் ஒருங்கு நிற்குமாறு எங்ஙனம்? உயிர் மட்டும் ‘யான்’ அன்றெனின், எழுச்சிக்குமுன் இறைவனைக் காண்பது ‘யான்’ அன்று. எவனோ ஒருவனின் ஒரு கூறு. அன்றி, காண்பது ‘யானே’ எனின், உடல் ‘யான்’ என்பதற்கு இன்றியமையாததன்று. இக்கவர்க்கோட்டை அவர் மாணாக்கர் பல நூற்றாண்டாக நீக்க முயன்றும், யான் கண்ட அளவில் நீங்கிற்றில்லை. லூத்தர் மரணத்தைப் பலவிடத்து உறக்கமாகப் பேசியதும், கால்வின் உயிருறக்கக் கொள்கையை மறுத்துத் தனிநூலே வரைந்ததும் இக்கவரின் இரு கிளைகளே.

உடலெரித்தல் பற்றியும் ஒரு சொல். கத்தோலிக்கத் திருச்சபை 1886-இல் அதனை விலக்கிற்று. 1963-இல், எழுச்சியை மறுக்குங் கருத்தாற் செய்யப்படாதவழி ஒப்பிற்று. நீறாயதனையும் எழுப்ப வல்லவன் இறைவன் என்னும் பழைய விடையே ஈண்டும் துணையாயிற்று. 2016-இல் வந்த கட்டளை, சாம்பரைக் காற்றினும் நீரினும் தூவுதல் கூடாது, புனிதவிடத்து வைத்துக் காத்தல் வேண்டும் என்றது. எல்லாம் வல்லானுக்கு ரோன் ஆறு தடையன்று என்று லியோனார்க்குக் கூறிய வாயே இதனையும் கூறும். இறந்தாரை மதித்தற்பொருட்டு என்னின் அது தக்கதே. எழுச்சிக்கு உதவும் என்னின் அதற்கு இயைபில்லை.

இறுதியாக, அகுஸ்தீனின் அந்நூலிலேயே பலர் மேலோட்டமாகக் கடந்து செல்லும் ஓரிடத்தைக் காட்டுதல் வேண்டும். வெட்டுண்ட உறுப்புக்கள் மீளும், குறைகள் நீங்கும் என்று கூறிவந்த அவர், தம் நம்பிக்கையின்பொருட்டு உயிர் கொடுத்தாருடைய உடலில் வெட்டுத்தழும்பு மட்டும் மறையாதிருத்தல் கூடும், அது குறையாகாது, அழகாய் விளங்கும் என்கின்றார். தோமா தொட்டறிய வேண்டியதும் அத்தகைய தழும்பையன்றோ? அணுக்கணக்கு முழுவதும் பிழையாயொழியினும் இவ்வொரு கருத்துக்கு விடை கூறுதல் எளிதன்று. நாவையும் கையையும் நீட்டிய அவ்விளைஞனுக்கு அவை மீளுமாயின், அரிந்த வடுவோடே மீளுதல் வேண்டும். அஃதின்றேல் அவன் பட்டது நிகழாததாய்விடும்.