இலையைப் புரட்டும் கை

திருப்பூர் மாவட்டத்தின் தெற்கே, பனியன் கம்பெனிகளின் இரைச்சல் எட்டாத தூரத்தில், உடுமலை, அமராவதி வனச்சரகங்கள் இருக்கின்றன. இரண்டும் ஆனைமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. புலியையும் யானையையும் எண்ணுவதைப் பற்றியே பேசுகிறோம். தவளையையும் அரணையையும் எண்ணும் கலை அதைவிட நுட்பமானது.

கணக்கெடுப்பவர்கள் தரையில் கயிறு கட்டிச் சதுரம் வகுக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி, சருகை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார்கள். கல்லைத் தூக்கினால் அதே பள்ளத்தில், அதே பக்கமாகத் திரும்ப வைக்க வேண்டும். அடியில் இருப்பது ஒருவரின் வீடு. இந்த ஒழுங்குதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரவில் தலைவிளக்கோடு ஓடையோரம் நடக்கும்போது கண்ணைவிடக் காதுக்கே வேலை அதிகம். நகத்தளவே உள்ள புதர்த்தவளைகளைப் பெரும்பாலும் குரலை வைத்துத்தான் இனம் பிரிக்கிறார்கள். அவற்றின் முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வருவதில்லை. குட்டித் தவளையே நேராக வெளிவரும்.

ஆனைமலையின் பெயரையே தாங்கிய சோலைக்காட்டு ஓணான் ஒன்றை பெடோம் என்ற வன அதிகாரி 1878-இல் விவரித்தார். பதிவு செய்யும் அந்த வேலை தொடர்கிறது: இன்றும் கணக்கெடுப்பவர்களின் குறிப்பேட்டில் இடம், நேரம், ஈரப்பதம் எல்லாம் ஏறுகின்றன. எதுவும் தென்படாத சதுரத்துக்கும் ஒரு வரி உண்டு: சுழியம்.