ஒரு வரிக் கருணை

தூக்குத் தண்டனையை அதிகாரிகள் மறுபடியும் யோசிக்கிற கட்டம் என்றால் கதை எழுதுகிறவனுக்குப் பேனா துறுதுறுக்கும். நள்ளிரவு, மேஜை விளக்கு, வழக்குக் கட்டு, தூக்கம் வராத துரை, எல்லாம் தயாராக இருக்கின்றன. இருபது வருஷங்களுக்கு முன் நானும் அப்படி ஒரு கதை எழுதினேன். விடியற்காலையில் துரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்திடுவார், கைதி பிழைப்பான். பலரும் பாராட்டினார்கள். இன்று அதை எந்தத் தொகுதியிலும் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. காரணம், லியோனார்ட் வுல்ஃப் எழுதிய ‘தி வில்லேஜ் இன் தி ஜங்கிள்’ என்ற நாவல்தான்.

வுல்ஃப் இலங்கையில் ஸிவில் ஸர்வீஸ் உத்தியோகஸ்தராக இருந்தவர். 1904-ல் போனார். முதலில் யாழ்ப்பாணம், பிறகு கண்டி, 1908 முதல் 1911 வரை தெற்கே ஹம்பாந்தோட்டை. 1912-ல் வேலையை விட்டார். 1913-ல் நாவல் வெளிவந்தது.

கதை சிக்கலானதல்ல. சிலிண்டு காட்டோரத்தில் வேட்டையாடிப் பிழைக்கிற சிங்களவன். கடன் கொடுக்க வந்த பெர்னாண்டோ அவன் மகள்மேல் கண் வைக்கிறான். கிராமத் தலைவன் பாபெஹாமி அதற்கு உடந்தை. அவள் புருஷன் பாபுன்மீது பொய்யாகத் திருட்டு வழக்கு ஜோடித்துச் சிறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். சிலிண்டு அந்த இருவரையும் கொன்றுவிட்டுத் தானே போய்ச் சரணடைகிறான். மரண தண்டனை கிடைக்கிறது. பிறகு அது இருபது வருஷக் கடுங்காவலாகக் குறைகிறது.

எப்படிக் குறைந்தது, யார் யார் யோசித்தார்கள் என்பதற்கு அத்தியாயம் எதுவும் இல்லை. சிறையில் இருக்கிறவனுக்குச் செய்தி வருகிறது, அவ்வளவுதான். முதல் தடவை படித்தபோது இதைப் பெரிய குறையென்று நினைத்தேன்.

விஷயம் தெரியாமல் விட்டவரல்ல வுல்ஃப். பிரிட்டிஷ் காலனிகளில் இதற்கு முறை இருந்தது. விசாரித்த ஜட்ஜிடமிருந்து கவர்னர் எழுத்துமூலம் அறிக்கை வாங்க வேண்டும். நிர்வாக சபையில் வைத்து அபிப்பிராயம் கேட்க வேண்டும். ஆனால் முடிவு அவருடைய சொந்த முடிவாக இருக்க வேண்டும். சபையின் பெரும்பான்மைக்கு மாறாகச் செய்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். தண்டனை குறையாதவர்களின் முடிவையும் வுல்ஃப் அறிவார். கண்டியில் இருந்தபோது, கைதியிடம் வாரண்டை வாசித்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டு, தூக்கு மேடைக்கு எதிரே நின்று ஸிக்னல் கொடுப்பது அவர் உத்தியோகத்தில் சேர்ந்திருந்தது.

இவ்வளவும் அறிந்தவர் அந்த அத்தியாயத்தை எழுதாமல் விட்டதுதான் நாவலின் பலம் என்று இப்போது எண்ணுகிறேன். புரியாத பாஷையில் நடந்த விசாரணையிலிருந்து சிலிண்டுவுக்குத் தூக்கு வந்தது. அதே திசையிலிருந்து உயிரும் வந்தது. இடையில் நடந்த நல்ல யோசனைகளைக் காட்டியிருந்தால் நாம் சிலிண்டுவை விட்டுவிட்டுத் துரை பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்போம்; அவருடைய இளகிய மனசை மெச்சியிருப்போம். என் கதையில் நடந்தது அதுதான். அந்தக் கைதியின் பெயர் எனக்கே இப்போது மறந்துவிட்டது. துரையின் மூக்குக்கண்ணாடி மட்டும் ஞாபகமிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பெரிய தண்டனையை மறுபடி யோசிக்கக் கவர்னரும் சபையும் இருந்தார்கள். பாபுனுக்குக் கிடைத்த சின்னத் தண்டனையை யாரும் மறுபடி யோசிக்கவில்லை. வழக்கில் ஏதோ மறைந்திருக்கிறது என்று மாஜிஸ்திரேட்டுக்கே தோன்றுகிறது. ஆனாலும் சாட்சியம் சரியாக இருக்கிறது, தண்டித்துவிடுகிறார். தூக்குக்குப் போக வேண்டியவன் உயிரோடிருக்க, சில மாதங்களில் திரும்ப வேண்டியவன் சிறையில் செத்துப்போகிறான். கிராமத்தில் ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள். சிலிண்டுவின் மகள் ஒருத்தி மட்டும் மிஞ்சுகிறாள்; காடு அவள் வாசல்வரை வந்துவிடுகிறது. மேலிடத்துக் கருணை இவ்வளவு தூரம் வந்து சேரவில்லை.

நாவலில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். கொலை விசாரணையில் மாஜிஸ்திரேட் சில இடங்களில் ஆசிரியருக்குப் பதிலாகப் பேசுவதுபோல் இருக்கிறது. ஆனால் அவர் பேச்சால் எதுவும் மாறுவதில்லை என்பதை வுல்ஃப் மறைக்கவுமில்லை.

போன மாதம் என் பழைய கதையைத் திருத்திப் பார்க்கலாமென்று எடுத்தேன். துரையை அடித்துவிட்டுப் படித்தேன். மீதி அரைப் பக்கம்கூட இல்லை.