சைபர் திரும்பி வந்த சந்தோஷம்

தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலும் சேமலாப நிதிப் பட்டியலும் ஆளுக்கு ஆள் பொருந்தி நிற்பதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதைத் தோட்ட ஆபீசில் உட்கார்ந்தவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கு எழுதும் எனக்கு அதை அள்ளிக் கொடுத்தது, எக்செலின் பவர் குவெரிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு கட்டளை: டெக்ஸ்ட்.பேட்ஸ்டார்ட்.

செக்ரோலில் 00047 என்றிருக்கும் ஆள், எக்செலுக்குள் போனதும் வெறும் 47 ஆகிவிடுவார். முன்னால் நிற்கும் சைபருக்கு எண்கணக்கில் பெறுமதி இல்லை என்று அது தூக்கிவிடும். பதுளைத் தொலைபேசியின் 055, கைபேசியின் 07 எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஒரு பட்டியலில் 00047, மற்றதில் 47 என்றால் இரண்டையும் இணைக்கும்போது ஆள் விடுபட்டுப் போவார். மலையேறிக் கொழுந்தெடுத்த பெண்ணின் சேமலாப நிதிப் பங்கு 8 சதவீதமும் தோட்டம் கட்டும் 12 சதவீதமும் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கின்றன.

பேட்ஸ்டார்ட்டிடம் எந்த நிரல், மொத்தம் எத்தனை எழுத்து, எதை வைத்து நிரப்புவது என்று சொன்னால் போதும். 5, "0" என்று கொடுங்கள். 7 போய் 00007 வரும், 1203 போய் 01203 வரும். எழுத்துக் கலந்த 47ஏ கூட 0047ஏ என்று அழகாக நிற்கும்! ஐந்தைத் தாண்டிய இலக்கத்தை வெட்டாது. வெற்றுக் கட்டத்தைத் தொடாது. 1, 10, 100, 2 என்று தாறுமாறாக அடுக்கிக்கொண்டிருந்த நிரலும் ஒழுங்குக்கு வந்துவிடும். நிரல் எண் வகையில் இருந்தால் மட்டும் பிழை காட்டும், முதலில் டெக்ஸ்ட்.ஃப்ரம் போட்டு எழுத்தாக்கிக்கொள்ள வேண்டும்.

இதைவிட என்னை மயக்கியது அடையாள அட்டை. 2016இலிருந்து 12 இலக்கம். பழைய அட்டையிலோ 9 இலக்கமும் ஓர் எழுத்தும். லயத்தில் ஒரே வீட்டில் அம்மாவிடம் பழையது, மகளிடம் புதியது. பழையதைப் புதியதாக்க, முதல் ஐந்து இலக்கத்துக்கு முன்னால் 19 சேர்த்து, கடைசி நான்கையும் ஐந்தாக நிரப்பினால் ஆயிற்று. அந்த நிரப்பலைப் பேட்ஸ்டார்ட் ஒரு நொடியில் செய்கிறது. இன்னும் பாருங்கள், ஜனவரி 5இல் பிறந்த ஆணின் அட்டையில் பிறந்த நாள், ஆண்டின் ஐந்தாம் நாள் என்ற கணக்கில், 005 என்றே இருக்கும். பெண்ணுக்கு 500 கூட்டி 505. கணினி நம் மேசைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, சைபர் நிரப்பும் இந்த வித்தை நம் சட்டைப்பையில் இருந்திருக்கிறது!

மாதக் கடைசியில் புதுக் கோப்பைப் பழைய இடத்தில் வைத்து 'ரிஃப்ரெஷ்' அழுத்தினால் போதும், எல்லாம் தானே நிரம்பிக்கொள்கிறது. மடுல்சீமை, லுணுகலைப் பக்கம் இன்னும் ஒவ்வொரு சைபராகக் கையால் தட்டிக்கொண்டிருக்கும் கிளாக்கர்மாரே, இன்றைக்கே பவர் குவெரியைத் திறந்து பாருங்கள்.